எழுந்தது மூன்று

ஒரே நாளைப் பற்றிய இரண்டு குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. இரண்டும் என் கையெழுத்து.

முதலாவது, நான் வேலை பார்த்த அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பதிவேட்டில் உள்ளது: "அக்டோபர் 6, ஞாயிறு. வரிசை எண் 41. அருளாயி, பெண், வயது 34, ராயப்பன்பட்டி. முதுகு வலி, ஒன்றரை மாதம். வலிக்கு ஊசி. மாத்திரை ஐந்து நாள்." ஆங்கிலச் சுருக்கங்களில் எழுதியதை இங்கே விரித்துக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது, என் சொந்தக் குறிப்பேட்டில் உள்ளது: "அக்டோபர் 6. மழை இல்லை. இடது காலில் குதிகால் வரை இழுப்பு. எழுந்தது 3."

ஆண்டை வேண்டுமென்றே விடுகிறேன். மருத்துவமனை இருக்கும் ஊரையும் சொல்லப்போவதில்லை. அருளாயி என்பது அவர் பெயரும் அல்ல. ஆனால் நாளும் கிழமையும் சரி, நாள்காட்டியோடு ஒப்பிட்டுவிட்டேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு நடந்தது என்று சொன்னால் போதும்.

பதிவேடு என் கைக்கு வந்தது சென்ற ஆண்டு. எல்லாம் கணினிக்குப் போய்விட்டதால் பழைய பதிவேடுகளைக் கழிக்க உத்தரவு வந்திருந்தது. மருந்தாளுநர் காசிமாயன் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், உங்க கையெழுத்தையெல்லாம் கட்டிப் போடுறாக. லாரி வியாழக்கிழமை வருது. பாக்கணும்னா புதன்கிழமைக்குள்ள வாங்க." புதன்கிழமை போனேன். எடுத்துக்கொண்டு வர அனுமதி இல்லை. மூன்று வரிகளை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டேன்.

அன்று அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர், "டாக்டரா இருந்துட்டு எப்படி சார் கதை எழுத வந்தீங்க?" என்று கேட்டார். புறநோயாளிகள் காத்திருந்தார்கள். முதுகு வலியால் வந்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலுக்கு இன்னும் சில பக்கங்கள் தேவைப்படுகின்றன.

அப்பா போடி பஜாரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். விற்காமல் போன டைரிகள் பிப்ரவரியில் எனக்கு வந்துவிடும். தேதி போட்டு எழுதும் பழக்கம் அப்படி வந்தது. மதுரையில் படித்தேன், மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பதினொரு ஆண்டுகள் இருந்தேன், பிறகு இந்த மருத்துவமனை. நாற்பத்தொன்றாம் வயதில், ஜீப்பிலிருந்து ஒரு கர்ப்பிணியை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது இடுப்பில் ஏதோ விலகியது. குழந்தை நன்றாகப் பிறந்தது. நாற்பத்துநான்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அதன் பிறகு வலி வேறு மாதிரி ஆனது, போகவில்லை.

எப்படி ஆனது என்பதைச் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். படுத்தால் சுமார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழும் அந்த நான்கைந்து நொடிகள்தான் பொறுக்க முடியாதவை. இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை ஒரு கம்பியைச் சூடாக்கி இழுத்தது போல இருக்கும். நின்ற பிறகு மெல்ல அடங்கும். மறுபடி உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே. ஒரு காலையில் ஐந்து தடவைக்கு மேல் எழுந்தால் அன்று மாலை வீட்டில் தரையில்தான் கிடக்க வேண்டும். ஆகவே எண்ண ஆரம்பித்தேன். தினமும் மதியம் அன்று எத்தனை முறை எழுந்தேன் என்பதைக் குறிப்பேட்டில் எழுதினேன். முதலில் வலியைப் புரிந்துகொள்ளத்தான் எழுதினேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு எண்ணிக்கை குறைவாக இருந்தால் எனக்கு ஒரு திருப்தி வந்தது. இதை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

என் அறை அதற்கேற்ப மாறியது. கைப்பிடி வைத்த மர நாற்காலி. வலது கைக்கு எட்டும் தூரத்தில் நோயாளிக்குச் சுழலும் முக்காலி. இடது பக்கம் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, டார்ச், நாக்கை அழுத்தும் குச்சி. நோயாளியை முக்காலியில் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் முதுகுப் பக்கம் என் முன் வந்துவிடும். ஸ்டெதஸ்கோப்பைச் சேலைக்கு மேல் வைத்து நுரையீரலைக் கேட்டுவிடலாம். மணிக்கு நாற்பது பேரைப் பார்க்கலாம். வரிசை வேகமாக நகர்ந்ததால் ஜனங்களுக்கும் பிடித்திருந்தது. ஊசி எழுதிக்கொடுத்தால் இன்னும் பிடிக்கும். ஊசி போடாத டாக்டரை இந்தப் பக்கத்தில் டாக்டர் என்றே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

திரைக்குப் பின்னால் நோயாளியைப் படுக்க வைத்துப் பார்க்கும் கட்டில் ஒன்று இருந்தது. அது என் நாற்காலியிலிருந்து ஆறு அடி. நான் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதைக் கவனித்த காசிமாயன், மருந்துக் கிடங்கில் இடம் போதாமல், குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளை அதன் மேல் அடுக்கினார். ஒரு மாதத்தில் பெட்டிகள் திரையை விட உயரமாகிவிட்டன. நான் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் தலைமை மருத்துவர் ஒரு பெண்மணி, அறுவை சிகிச்சை நிபுணர். ஜனங்களுக்கு 'பெரிய டாக்டரம்மா'. அவருக்கு நேர்மாறான வழக்கம். உட்கார்ந்து நோயாளி பார்த்ததே கிடையாது. அவர் நாற்காலியில் அவருடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். சளி என்று வந்தாலும் "ஏறிப் படு ஆத்தா" என்பார். மணிக்குப் பதினைந்து பேரைத் தாண்ட மாட்டார். வரிசை வெளியே வேப்பமரம் வரை நிற்கும். ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் கை கழுவுவார். கழுவும்போது யாராவது பேசினால் பதில் வராது. கோபம் வந்தால் குரல் தாழும். அவர் கத்தி நான் கேட்டதில்லை.

அருளாயி வேலை பார்த்தது மலை மேல் ஏலத்தோட்டத்தில். கம்பம் பள்ளத்தாக்கின் பெண்கள் பலரைப் போல விடியுமுன் ஜீப்பில் ஏறி, கேரள எல்லையைத் தாண்டிப்போய், செடியின் தூரில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து நாள் முழுவதும் காய் எடுத்துவிட்டு, மாலையில் இறங்கி வருவார். ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரிசையில் முதுகு வலிக்காரர்கள் அதிகம். நாற்பத்தொன்றாவது ஆளாக அவர் வந்தபோது அவருக்கு முன்னால் எத்தனை முதுகுகள் வந்தன என்பதையும் பதிவேட்டில் எண்ணினேன். ஒன்பது.

அன்று பேசியது முழுவதும் நினைவில்லை. நினைவில் இருப்பது இவ்வளவுதான்.

"என்னம்மா செய்யுது?"

"முதுகுதான் டாக்டரய்யா. உள்ளுக்குள்ள ஒரு ஆளு ஒக்காந்து கொடையிற மாதிரி இருக்கு."

"எத்தனை நாளா?"

"போன சுத்துக் காய் எடுக்கையில ஆரம்பிச்சது."

ஒரு சுற்றுக் காய் எடுத்து அடுத்த சுற்றுக்கு ஒன்றரை மாதம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒன்றரை மாதம் என்று எழுதினேன். ஊசிக்குச் சீட்டு எழுதினேன். குனியும்போது வலித்தால் எப்படிக் குனிவது என்று சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டாவது வரி நவம்பர் 17, அதுவும் ஞாயிறு. "முதுகு வலி, தொடர்கிறது. அதே மருந்து." என் குறிப்பேட்டில் அன்று "எழுந்தது 2". அந்தச் சந்திப்பு கொஞ்சம் கூடுதலாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று நான் பெருமையாகப் பேசினேன்.

"ஊசி ரெண்டு நாளு கேக்குது. மூணாவது நாளு பழைய குருடி கதைதான்," என்றார்.

"எனக்கும் இதே வலிதாம்மா. பதினோரு வருசமா இருக்கு. ஊசி போடாமச் சமாளிக்கிறேன், பாரு."

"உங்களுக்குமா? நீங்க எங்கன போய்க் காய் எடுத்தீக?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் காலையில் செய்யும் மூன்று பயிற்சிகளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையால் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன். போகும்போது, "சாயந்தரமானா மேலு காயிற மாதிரி இருக்கு," என்றார். மலைச் சாரலில் நனைந்திருப்பார் என்று நினைத்துக் காய்ச்சல் மாத்திரை சேர்த்தேன். இந்தக் கடைசிப் பேச்சு பதிவேட்டில் இல்லை. என் நினைவில் மட்டும் இருக்கிறது. பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு நினைவு அதைச் சேர்த்திருக்கவும் கூடும்.

வலியோடு வாழும் மருத்துவர் வலிக்காரர்களை நன்றாகப் புரிந்துகொள்வார் என்று பொதுவாக நம்புகிறார்கள். என் அனுபவம் அதற்கு எதிர். எனக்கு ஒரு முதுகை மிக நன்றாகத் தெரியும். அதனால் மற்ற முதுகுகள் எல்லாம் அதைப் போலத்தான் இருக்கும் என்று முடிவு செய்திருந்தேன்.

மூன்றாவது வரி ஜனவரி 5, ஞாயிறு. அது மட்டும் என் கையெழுத்தில் இல்லை. டிசம்பர் கடைசியில் என் வலி மோசமாகி, பத்து நாள் விடுப்பில் மருத்துவமனை வளாகத்துக் குவார்ட்டர்ஸில் தரையில் படுத்துக் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை புறநோயாளிகளைப் பெரிய டாக்டரம்மா பார்த்தார். என் அறைக்குள் நுழைந்ததும் திரைக்கு மேல் தெரிந்த பெட்டிகளைப் பார்த்தாராம். நடந்ததைக் காசிமாயன் எனக்குப் பிறகு நடித்தே காட்டினார்.

"இதென்ன காசி, குடோனா?"

"இடமில்லம்மா. தற்காலிகமா வச்சது."

"தற்காலிகம்னா எத்தனை மாசம்?"

காசிமாயன் திரையை விலக்கினார். பெட்டிகளை இறக்கினார். இருபத்தாறு பெட்டிகள். இறக்கி முடியும்வரை பெரிய டாக்டரம்மா முதல் நோயாளியைக் கூப்பிடவில்லை.

பதினொன்றரை மணிக்கு என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. குரல் தாழ்ந்திருந்தது. "படுத்திருக்கீங்களா? எந்திரிக்க வேண்டாம். வீல்சேர் அனுப்புறேன். ஒரு முதுகு பாக்கணும்."

வார்டு உதவியாளர் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து வேப்பமரத்தடி வரிசையைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனார். "டாக்டரே வண்டியில போறாகளே," என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. என் அறையில் கட்டில் மேல் அருளாயி ஒருக்களித்துப் படுத்திருந்தார். காலடியில் அவர் தங்கை செசீலி, ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பெரிய டாக்டரம்மா செருப்பைக் காட்டினார். "இதைச் சொல்லு ஆத்தா, இவருக்கு."

"நடக்கையில கழண்டு விழுந்துருது டாக்டரய்யா. விழுந்ததே தெரிய மாட்டேங்குது. பின்னால வாரவுக சொல்லித்தான் திரும்பிப் பாக்குறேன்," என்றார் அருளாயி. பிறகு என்னையும் வண்டியையும் பார்த்தார். "உங்களுக்கும் முடியலையா? ஊசி போட்டுக்கலையா?"

பெரிய டாக்டரம்மா என் முன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி செய்தார். முழங்காலைத் தட்டினார், கால் அளவுக்கு மீறிய வேகத்தில் உதைத்தது. பாதத்தைச் சட்டென்று மேலே தள்ளிப் பிடித்தார். அது அவர் கைக்குள் தானாகத் துடித்துக்கொண்டே இருந்தது. தன் வீட்டுச் சாவியை எடுத்து உள்ளங்காலில் கோடு இழுத்தார். பெருவிரல் கீழே மடங்காமல் மேலே எழும்பியது. இவை மூன்றும் சேர்ந்தால் தண்டுவடம் எங்கோ நெரிபடுகிறது என்று அர்த்தம். அதை மருத்துவம் படிக்கும் மாணவனும் சொல்லிவிடுவான்.

"இப்ப கை வைங்க."

எழுந்தேன். கம்பி இழுத்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டை விரலை அவர் கழுத்தடியில் வைத்து, முதுகெலும்பின் வரிசையில் மெதுவாகக் கீழே இறக்கினேன். ஒவ்வொரு எலும்பு முள்ளாக வழுக்கிக்கொண்டு போன விரல், விலா முடியும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓர் இடத்தில் நின்றது. ஒரு முள் மட்டும் வெளியே தள்ளியிருந்தது. அதிகம் இல்லை. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். மெல்ல அழுத்தியதும் அருளாயி "ஆத்தே" என்று கத்தினார்.

முதுகெலும்பில் காசநோய். இருமல் இல்லாமலும் வரும். எலும்பைத் தின்று, சரிய வைத்து, தண்டுவடத்தை அழுத்தும். மாலைக் காய்ச்சல் அதன் அடையாளங்களில் ஒன்று.

ஆம்புலன்ஸ் வருவதற்கு இருபது நிமிடம் இருந்தது. தேனி பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டைப் பெரிய டாக்டரம்மா எழுதினார். பாதியில் நிறுத்தி, திரைக்கு இந்தப் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "முந்தி ரெண்டு தடவை வந்திருக்கா. முதுகைத் தொட்டுப் பாத்ததா பதிவுல இல்ல. அதை இந்தச் சீட்டுல எழுதணும். நான் எழுதவா, நீங்க எழுதுறீங்களா?"

நான் எழுதினேன். அக்டோபர் 6, நவம்பர் 17 ஆகிய நாள்களில் முதுகெலும்பு பரிசோதிக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கிப் படித்துவிட்டுக் கை கழுவப் போனார். இந்த விஷயத்தைப் பற்றி அதன் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை. மறுநாள் முதல் கட்டில் மேல் வெள்ளை விரிப்பு இருந்தது.

அன்றைய குறிப்பு: "ஜனவரி 5. எழுந்தது 1."

அருளாயிக்குத் தேனியில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்றரை ஆண்டு மாத்திரை. வலது காலில் பலம் முழுவதும் திரும்பியது. இடது பாதத்தில் திரும்பவில்லை. இன்றும் இழுத்துத்தான் நடக்கிறார், கையில் கம்பு உண்டு. மலை ஏறிக் காய் எடுப்பது அத்தோடு முடிந்தது. கம்பத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. மருத்துவமனைக்குப் பிறகும் வந்து போனார். நான் இரண்டு முறையும் அவர் முதுகைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது.

கதை எழுத ஆரம்பித்தது அந்த விடுப்பின் மிச்ச நாள்களில். மல்லாந்து படுத்து, அட்டையைத் தலைக்கு மேல் பிடித்து எழுதினேன். அப்படி எழுதினால் பேனாவில் மை இறங்காது, பென்சில்தான். முதலில் நடந்ததை நடந்தபடி எழுதப் பார்த்தேன். மூன்று பக்கம் வந்ததும் அது ஒரு விளக்கக் கடிதம் போலாகிவிட்டது. வாக்கியத்துக்கு வாக்கியம் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். கிழித்துவிட்டு, ஒரு ஜீப் ஓட்டுநரைப் பற்றி எழுதினேன். அவருக்கு என் இடுப்பைக் கொடுத்தேன். வேறு ஆளின் உடம்பில் வைத்துப் பார்த்தபோது என் வலி எனக்கே கொஞ்சம் சலிப்பாக இருந்தது. அது நல்ல மருந்து. ஓய்வு பெறுவதற்குள் பதினான்கு கதைகள். மதுரையிலிருந்து வரும் ஒரு சிறிய மாத இதழ் ஒவ்வொன்றாக வெளியிட்டது.

அருளாயியைப் பற்றிய கதையை எழுத ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதில் ஒரு டாக்டர் இருக்கிறார், நாள்பட்ட இடுப்பு வலிக்காரர். நாற்பத்தொன்றாவது ஆளாக ஒரு தோட்டத்துப் பெண் வருகிறாள். டாக்டர் நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழுகிறார். அவர் எழுவதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். அவளைக் கட்டிலில் படுக்க வைக்கிறார், கட்டை விரல் முதுகில் இறங்குகிறது, ஓரிடத்தில் நிற்கிறது. அவள் பிழைத்து, அடுத்த ஆண்டுக் காய்க்கு ஜீப்பில் ஏறிப் போவதோடு கதை முடிகிறது. என் கதைகளில் அதற்குத்தான் பாராட்டு அதிகம்.

பதிவேட்டைப் பார்க்கப் போன புதன்கிழமை காசிமாயன் சொன்னார்: "சார், அந்தக் கதை படிச்சேன். அருமையா இருக்கு. ஒண்ணுதான் புரியல. அந்தப் புள்ளைய கட்டில்ல படுக்க வைக்கிறாரே உங்க டாக்டரு, மேல இருந்த இருபத்தாறு பெட்டிய யாரு எறக்குனா?"

வீட்டுக்கு வந்து நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இதழை எடுத்துக்கொண்டு ராயப்பன்பட்டிக்குப் போனேன். தேவாலயத்தில் பூசை முடிந்து அருளாயி வீட்டில் இருந்தார். காலை நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டிலிருந்து செசீலியும் வந்து முறத்தில் பாதியை வாங்கிக்கொண்டார். அவரைப் பற்றி ஒரு கதை எழுதியிருப்பதாகச் சொல்லிப் படிக்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது பத்தியிலேயே அருளாயி நிறுத்தினார். "ஜீப்புல பன்னெண்டு பேருன்னு போட்டிருக்கீக. பன்னெண்டு பேர வச்சுக்கிட்டு எந்த டிரைவரு வண்டிய எடுப்பாரு? பதினெட்டுன்னு போடுங்க."

"முன்னால டிரைவரு மடியில ஒண்ணு," என்றார் செசீலி.

"ஏடி, சும்மா இரு. டாக்டரய்யா அதையும் எழுதிப்புடுவாக."

டாக்டர் எழும் இடம் வந்தது. படித்தேன். விரல் நிற்கும் இடத்தையும் படித்தேன். அருளாயி வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார். செசீலிதான் கேட்டார்: "கதையில மொத நாளே கண்டுபிடிச்சுர்றாரே. நெசத்துல மூணாவது தடவைதான பாத்தாக, அதுவும் பெரிய டாக்டரம்மா."

"ஆமா. மொத ரெண்டு தடவை நான் எந்திரிக்கல. என் முதுகு வலிக்கும்னு உக்காந்தே பாத்தேன். அவங்க முதுகைத் தொடவே இல்ல."

ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சொல்லாமல் இருந்தது இவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"தொட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமா?" என்றார் செசீலி.

"முள்ளு அப்பவே தள்ளியிருந்தாத் தெரிஞ்சிருக்கும். கால் தப்பியிருக்கும். தள்ளாம இருந்திருந்தா நான் தொட்டாலும் தெரியாது."

"தள்ளித்தான் இருந்துச்சு," என்றார் செசீலி. "எண்ணெ தேய்க்கையில என் கையில தட்டுச்சே. மாதா அக்கா வீட்டுக்கு வந்தாகள்ல, அன்னைக்கு. எல்லாரும் மண்டி போட்டாக, இவ மட்டும் செவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னா. சனம் போன பெறகு நாந்தான் தேய்ச்சு விட்டேன்."

அக்டோபர் அவர்களுக்கு ஜெபமாலை மாதம். மாதா சுரூபத்தை, அந்தச் சிறு சிலையை, நாளுக்கு ஒரு வீடாக எடுத்துப் போய், அந்த வீட்டில் மாலை கூடிச் செபிப்பார்கள். மாதா வந்த நாள் என்றால் அக்டோபர்.

"மாதா வந்தப்ப இல்லடி," என்றார் அருளாயி. "கிறிஸ்மஸ் பாட்டுக்காரக வந்தப்ப. மாதாவுக்கு நான் நல்லாத்தான் மண்டி போட்டேன்."

"நீயா? ஏக்கா, நெஞ்சுல கை வச்சுச் சொல்லு. மாதா முன்னால நின்ன ஆளு நீ."

"பாட்டுக்காரகளுக்கு எந்திரிக்க மாட்டாம உக்காந்துக்கிட்டே கேக்கு குடுத்தேன். அன்னைக்குத்தான் நீ எண்ணெ தேய்ச்ச. அதுக்கு முந்தி முதுகுல ஒண்ணுமே இல்ல."

"ஒன் முதுக நீயா பாத்த? நாந்தான பாத்தேன்."

கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் வருவது டிசம்பரில். நவம்பர் 17க்குப் பிறகு. செசீலி சொல்வது சரியானால், இரண்டு முறையும் என் கட்டை விரல் நின்றிருக்கும். அருளாயி சொல்வது சரியானால், நான் எழுந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இருவரும் வெங்காயம் தீரும்வரை வாதாடினார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் கிளம்பும்போது அருளாயி கம்பை ஊன்றி வாசல் வரை வந்தார். வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"டாக்டரய்யா, அது டிசம்பருதான். நோட்டுல எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன். "அருளாயி: டிசம்பர். செசீலி: அக்டோபர்."

அதன் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். அவர்கள் தெருவின் அன்பியத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழுவுக்கு, அப்போது செயலாளராக இருந்தவர் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை. மாதா எந்த நாள் எந்த வீட்டுக்குப் போனது என்ற பட்டியலை அவர் ஆண்டுவாரியாக வைத்திருந்தார். இப்படி ஒருவரைச் சந்திப்பது என் போன்ற ஆளுக்கு அபூர்வமான மகிழ்ச்சி. இருவரும் தேதிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அந்த ஆண்டுப் பட்டியலில் அருளாயி வீட்டுக்கு மாதா வந்த நாள் அக்டோபர் 4, வெள்ளி. அவர் என்னிடம் முதல்முறை வருவதற்கு இரண்டு நாள் முன்பு. செபம் சொன்னவர் பெயர், கொடுத்தது சுண்டல் என்பது வரை குறிப்பு இருக்கிறது. யார் மண்டியிட்டார், யார் நின்றார் என்று இல்லை. கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் எந்தப் பட்டியலும் வைத்துக்கொள்வதில்லை. அந்த ஆண்டு பாடப் போனவர்களில் இருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். கேக் சாப்பிட்டது இருவருக்கும் நினைவிருக்கிறது. எந்த வீட்டில் என்பது நினைவில்லை.

தேனியில் எடுத்த படங்கள் ஜனவரியில் எலும்பு எப்படி இருந்தது என்பதைத்தான் காட்டும். எவ்வளவு வேகமாகச் சரிந்தது என்பதை அவற்றை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட முடியுமா என்று எலும்பு மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். முடியாது என்றார். பெரிய டாக்டரம்மா இப்போது இல்லை.

கதையைத் தொகுப்பில் சேர்க்கக் கேட்டிருக்கிறார்கள். அதற்காகத் திருத்தினேன். ஜீப்பில் இப்போது பதினெட்டுப் பேர். கட்டில் மேல் பெட்டிகள் இருக்கின்றன. டாக்டர் எழுவதில்லை. ஊசிக்குச் சீட்டு எழுதுகிறார், அந்தப் பெண் முக்காலியிலிருந்து இறங்கி, நாற்பத்திரண்டாவது ஆளுக்கு வழிவிட்டு வெளியே போகிறாள். அவள் முதுகில் ஏதாவது இருந்ததா என்பதைக் கதை சொல்வதில்லை, ஏனென்றால் கதையைச் சொல்கிறவன் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அக்டோபர் 6 அன்று அருளாயியின் முதுகெலும்பில் அந்த முள் வெளியே தள்ளியிருந்ததா என்பது சரிபார்க்கப்படவில்லை. சாட்சிகள் இருவர், ஒருவர் அக்டோபர் என்கிறார், ஒருவர் டிசம்பர் என்கிறார். டிசம்பர் என்பவர் நினைவிலிருந்து சொல்கிறாரா, எனக்காகச் சொல்கிறாரா என்பதும் சரிபார்க்கப்படவில்லை.